சாலை விதியா, தலை விதியா?

"நம் நாட்டு மக்களுக்குச் சட்டத்தை மதிக்கத் தெரியாது. பலகை வைத்தால் படிக்கமாட்டார்கள், படித்தாலும் நடக்கமாட்டார்கள், அபராதம் போட்டால்தான் அடங்குவார்கள்!" — விபத்துச் செய்தி ஏடுகளிலே வெளிவரும் நாளெல்லாம், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி இப்படித் தீர்ப்பு வழங்கும் கனவான்கள் நாட்டிலே நிரம்ப உண்டு.

அதே செய்தியைக் கிராமத்துத் தேநீர்க் கடையிலே கேளுங்கள். வேறு தீர்ப்புக் கிடைக்கும். "அவன் தலையிலே அப்படி எழுதியிருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்?" என்பார் பெரியவர் ஒருவர். பெருமூச்சு ஒன்று எழும். பேச்சு அதோடு முடியும்.

முன்னவர் பழியை மக்கள்மீது போடுகிறார். பின்னவர் பழியைத் தலையெழுத்தின்மீது போடுகிறார். இந்த இரண்டு தீர்ப்பிலும் விடுதலையாகிப் போகிறவர்கள் யார் தெரியுமா? வளைவிலே பலகை நடாதவர், வண்டியிலே அளவுக்கு மீறி ஆளை அடைத்தவர், பள்ளத்தை மூடாமல் பில் வாங்கியவர், பஸ் கேட்ட ஊருக்குப் பதில் எழுதாதவர். இவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வருவதில்லை.

தமிழிலே 'விதி' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதன் வகுத்த சட்டம் ஒன்று. மனிதனால் மாற்ற முடியாதது என்று சொல்லி வைத்திருக்கும் ஊழ் மற்றொன்று. சாலை விதியை மறந்த நாடு தலை விதியை நினைத்து அழுதுகொண்டிருக்கிறது. இதைத்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவிலே சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர்! இது மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்துத் துறையே வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையிலே இந்தியாவுக்கே முதலிடம் பெற்ற மாநிலம் எது? தமிழ்நாடு! விபத்துகள் 64,105. மாண்டவர் 17,884. கல்வியிலே முன்னிற்கும் நாடு, தொழிலிலே முன்னிற்கும் நாடு, இந்தப் பட்டியலிலும் முன்னிற்பது பெருமையா?

மாண்டவர்கள் யார் என்று பாருங்கள். இரு சக்கர வண்டியிலே சென்றவர்கள் 74,897 பேர். கால்நடையாகச் சென்றவர்கள் 32,825 பேர். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர் ஆகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்பதனக் காரிலே போகிறவர்களா இவர்கள்? கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், மில் ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளி, சந்தைக்குத் தலைச்சுமையோடு நடக்கும் தாய், பள்ளி முடிந்து சாலையைக் கடக்கும் பிள்ளை! சாலையிலே சிந்துகிற ரத்தத்திலே பெரும்பகுதி பாட்டாளியின் ரத்தம். எனவேதான் இது போலீஸ்காரர் கவனிக்கவேண்டிய சில்லறை விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இது உழைப்பாளியின் பிரச்சினை. கூலி உயர்வைப் போல, எட்டு மணி நேர வேலையைப் போல, உயிரோடு வீடு திரும்புவதும் உழைப்பாளியின் உரிமை.

கடமலைக்குண்டுக்கு வாருங்கள். மேகமலை, வருசநாட்டு மலைகளிலே பிறந்து வரும் மூல வைகை தழுவிச் செல்லும் ஊர். தேனியிலிருந்து கண்டமனூர் வழியாக வரும் சாலை இவ்வூரைத் தொட்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலையை நோக்கி மேலே போகிறது. தேங்காயும் இலவம் பஞ்சும் இறங்கி வருவதும் இந்தச் சாலைதான். பிள்ளைகள் படிக்கப் போவதும், நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதே சாலைதான்.

சாலையோரத்திலே காலை நேரத்தில் ஒருவர் சற்று நின்று பார்க்கட்டும். ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர். தலைக்கவசம் ஒருவர் தலையிலும் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் பெட்ரோல் டாங்கியின்மேல் உட்கார்ந்து சவாரி செய்கிறது! 'குட்டி யானை' என்று மக்கள் செல்லப் பெயர் வைத்த சரக்கு வண்டி. அதிலே சரக்கு இல்லை, கல்யாணத்துக்குப் போகும் ஒரு குடும்பமே நிற்கிறது. பின்விளக்கு இல்லாத டிராக்டர். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. கடமலைக்குண்டின் கதை மட்டுமல்ல இது. கம்பம் பள்ளத்தாக்கின் கதை, ஏன், தமிழகத்துக் கிராமச் சாலைகள் பலவற்றின் கதையும் இதுவே.

இவர்களெல்லாம் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிடலாமா? கூடாது. மீறுவதிலே இரண்டு வகை இருக்கிறது. வேறு வழியில்லாமல் மீறுபவன் ஒருவன். வீம்புக்காக மீறுபவன் மற்றொருவன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சட்டம் ஏழையைத் தண்டிக்கும், வீம்பனைத் திருத்தாது.

முதலில், விதி என்பது எப்படி வந்தது என்பதை அறிவோம். 1896இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் தோட்டத்தருகே மோட்டார் வண்டி மோதி ஒரு பெண்மணி இறந்தார். பிரிட்டனிலே மோட்டாருக்குப் பலியான முதல் நடையாளி அவர். பிறகு மோட்டார்கள் பெருகின. நாடுகளின் எல்லையைத் தாண்டின. ஒரு நாட்டு மொழி மறு நாட்டு ஓட்டிக்குப் புரியவில்லை. 1909இல் பாரிசிலே கூடிப் பேசினார்கள். மேடுபள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கேட் என்ற நான்கு அபாயங்களுக்குப் பொதுவான படக்குறிகளை வகுத்தார்கள். 1968இல் வியன்னாவிலே உலக நாடுகள் பலவும் கூடி அந்த முறையை விரிவாக்கின.

அதன் அழகைக் கவனியுங்கள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. வட்டம் என்றால் கட்டளை. நீள்சதுரம் என்றால் தகவல். எண்கோணம் என்றால் நில்! ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதவனும் படித்துக்கொள்ளக்கூடிய எழுத்து இது. சட்டம் என்பது வழக்கறிஞர் வீட்டு அலமாரியிலே, புரியாத மொழியிலே கிடந்த காலம் ஒன்று உண்டு. ஏழைக்கும் எழுத்தறியாதவனுக்கும் புரியும் வடிவத்திலே தெருவிலேயே நட்டுவைத்த சட்டம் சாலைக்குறி.

ஆனால் இங்கே நடப்பது என்ன? படத்தாலே பேசவேண்டிய பலகையைப் புளியமரக் கிளை மறைக்கிறது. கிளை மறைக்காவிட்டால் சுவரொட்டி மறைக்கிறது. எழுத்தாலே பேசவேண்டிய மைல்கல்லிலோ, 2017 மார்ச்சிலே வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலைகளில், ஆங்கிலத்தை அழித்துவிட்டு இந்தியைத் தீட்டினார்கள்! நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எழாமல் இருக்குமா? மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும். வழி காட்டுவதற்கென்று நட்ட கல், அந்த வழியிலே போகிறவனுக்குப் புரியாத மொழியில் பேசினால், அது வழிகாட்டியா, வழிமறிப்பா? சாலைப் பலகை டெல்லியின் திருப்திக்காக நடப்படுவதல்ல. லாரி ஓட்டும் தோழனின் கண்ணுக்காக நடப்படுவது.

"சரி, பலகை சரியாக இருந்தால் மட்டும் மக்கள் அடங்குவார்களா?" என்று கனவான் கேட்பார். அடங்குவார்கள் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு, உள்ளூர்ச் சான்றும் உண்டு.

ஸ்வீடன் நாட்டிலே வண்டிகள் இடப்பக்கம் ஓடின. அண்டை நாடுகளிலோ வலப்பக்கம். மாற்றலாமா என்று 1955இல் மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்றனர். 1963இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது. முடிவெடுத்த மறுநாளே தடியெடுத்தார்களா? இல்லை. நான்காண்டுகள் மக்களுக்குப் பாடம் சொன்னார்கள். பால் பெட்டிமீதுகூட அந்தச் சின்னத்தை அச்சிட்டார்கள். பலகைகளை மாற்றினார்கள், பஸ்களின் கதவுகளை மாற்றினார்கள். 1967 செப்டம்பர் 3 விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடமிருந்து வலத்துக்கு மாறியது. வேண்டாம் என்று வாக்களித்த அதே மக்கள்தான் விதிக்கு நடந்தார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நமது கம்பத்தைப் பாருங்கள். சபரிமலைப் பருவம் வந்தால், போகும் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாகப் போகவேண்டும், திரும்பும் வண்டிகள் குமுளி வழியாக இறங்கவேண்டும் என்று ஒருவழிப் பாதை வகுக்கிறார்கள். பல மாநிலங்களிலிருந்து, பல மொழி பேசும் ஓட்டிகள் வருகிறார்கள். திருப்பிவிட ஆள் நிற்கிறது, பலகை நிற்கிறது, காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டிகள் திரும்புகின்றன. படிக்காதவர்கள், பண்பற்றவர்கள் என்ற பட்டம் அப்போது எங்கே போயிற்று?

விதிக்குக் காரணம் உண்டு என்று தெரிந்தால் மனிதன் மதிக்கிறான். மலைச்சாலையிலே ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது விதி. ஏன்? பாரத்தோடு ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம், பின்னுக்கு உருண்டுவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பார்கள் பழுத்த ஓட்டிகள். ஏன்? இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்து வந்தால், அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சக்கரத்தடியிலே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுகிறார்கள். வைப்பவர் வைக்கட்டும், ஆனால் பிரேக்கைச் சோதித்துவிட்டு வைக்கட்டும்! போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது பிரேக்தான்.

2022 டிசம்பர் 23 இரவு. சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி மக்களின் வண்டி குமுளி மலைச்சாலையிலே பள்ளத்திலே விழுந்தது. 8 பேர் மாண்டனர். ஆண்டிபட்டி வட்டாரமே அழுதது. அழுகையோடு முடிந்துவிட்டால் அது தலைவிதிக் கதை. அந்த வளைவிலே எத்தகைய தடுப்புச் சுவர் இருந்தது, என்ன வெளிச்சம் இருந்தது, எந்தப் பலகை எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கத் தொடங்கினால்தான் அது சாலைவிதிக் கதையாகும்.

இனி, வேறு வழியில்லாமல் மீறுபவர்களைப் பற்றிச் சொல்லுகிறோம்.

போடியிலும், தேவாரத்திலும், கம்பத்திலும், கூடலூரிலும் விடிவதற்கு முன்னே ஜீப்புகள் புறப்படுகின்றன. கேரளத்து இடுக்கி மலையிலே உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றிலே இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதைவிட, அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே பொருந்தும். மடியிலே தூக்குச்சட்டி, தோளிலே மற்றவள் தலை. மணி தவறினால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. இந்தத் தாய்மார்களா விதியை மீறுகிறார்கள்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். தலைக்கவசம் அணியாதவனுக்கு 1,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டிலே 2022 அக்டோபரில் 100 ரூபாய் 1,000 ஆயிற்று. நல்லது. வாடகை வண்டியிலே அளவுக்கு மீறி ஆளேற்றினால் எவ்வளவு? கூடுதலாக ஏற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய்! தன் தலைக்குக் கவசம் போடாதவன் 1,000 தரவேண்டும். பிறர் உயிரைப் பணயம் வைப்பவனுக்குத் தலைக்கு 200 போதும். இது என்ன கணக்கு?

அதே சட்டப் பிரிவிலே மற்றொரு வாசகமும் இருக்கிறது. கூடுதலாக ஏற்றியவர்களை இறக்கிவிட்டு, அவர்கள் போக மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை அந்த வண்டி நகரக்கூடாது என்கிறது. இறக்கிவிடுவது எளிது. மாற்று வண்டி எங்கே? இருட்டு விலகாத நேரத்திலே, மலையடிவாரத்திலே, தோட்டத்துக்குப் போகும் பஸ் எங்கே? தனியார் கையிலிருந்த பஸ்களை அரசுடைமையாக்கிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் கண்ட மண் இது. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்த மாநிலம் இது. அந்தப் பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டால், மலையேறும் பெண்ணுக்கு ஜீப்புதான் கதி. இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி, வேலை நேரத்துக்கு ஏற்றபடி பஸ் விட்டால், அடைத்து ஏற்றும் ஜீப்பை ஒரே மாதத்தில் ஒழிக்கலாம். அபராதச் சீட்டால் ஒழிக்க முடியாது.

ரயிலின் கதை என்ன? 2010ஆம் ஆண்டு முடிவிலே மதுரை–போடி ரயிலை நிறுத்தினார்கள், அகலப்பாதை போடப்போகிறோம் என்று. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளத்தாக்கையே சாலைமீது தள்ளிவிட்டு, சாலையிலே நெரிசல் என்று மக்களைக் குறைகூறுவது நியாயமா?

அந்தச் சட்டத்திலே 198-ஏ என்றொரு பிரிவு உண்டு. சாலையை வகுத்தவரோ, போட்டவரோ, பராமரிப்பவரோ தரம் தவறி, அதனால் உயிரோ உறுப்போ போனால், அவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. தலைக்கவசப் பிரிவை மூலைக்கு மூலை அமல் நடத்துகிறார்கள், சரி. இந்தப் பிரிவை எந்த மூலையிலே அமல் நடத்துகிறார்கள்? வண்டி ஓட்டுபவனுக்கு ஒரு விதி, சாலை போடுபவனுக்கு ஒரு விதி என்றால், விதியை மதிக்கும் எண்ணம் எப்படி வளரும்?

2016 டிசம்பர் 15இல் உச்சநீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. தீர்ப்பு வந்ததும் பல மாநில அரசுகள் என்ன செய்தன? கடையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலையின் பெயரை நகர்த்தின! மாநில நெடுஞ்சாலையை ஊர்ச்சாலை என்று காகிதத்திலே மாற்றின. ஆள்வோரே விதிக்குக் குறுக்குவழி காட்டினால், ஆளப்படுவோன் சிவப்பு விளக்குக்கு நிற்பானா?

இவ்வளவும் ஆள்வோருக்குச் சொன்னோம். இனி நமது தோழர்களுக்குச் சொல்லவேண்டியது இருக்கிறது. கசந்தாலும் கேளுங்கள்.

வேறு வழியில்லாதவனுக்காக வாதாடினோம். வீம்புக்கு மீறுபவனுக்காக வாதாட நாம் தயாராக இல்லை. 2022இல் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். ஒரு சிறு நகரத்தையே சுடுகாட்டுக்கு அனுப்பியதற்கு ஒப்பாகும். தலைக்கவசம் வாங்க முடியாத ஏழ்மையா? பல பேருக்கு இல்லை. வண்டி இருக்கிறது, கைபேசி இருக்கிறது, கவசமும் வீட்டு ஆணியிலே தொங்குகிறது! சென்னை உயர்நீதிமன்றம் 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சொல்லியும் ஆணியைவிட்டு இறங்கவில்லை.

தலைவர் வருகிறார் என்றால் நூறு மோட்டார் சைக்கிள் அணிவகுக்கிறது. கொடி பறக்கிறது, தலை மட்டும் வெறுந்தலை! எந்தக் கட்சி ஊர்வலத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள், காட்சி இதுதான். மாநாட்டுக்குச் சரக்கு லாரியிலே ஆளேற்றுவதும் அப்படியே. 2019 செப்டம்பர் 12இல் சென்னைப் பள்ளிக்கரணையிலே, கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்காக வைத்த பதாகை சரிந்து, ஸ்கூட்டரிலே வந்த 23 வயதுப் பெண்மீது விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அந்தப் பெண் மாண்டாள். படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்! வாழ்த்துச் சொல்ல வைத்த பதாகை வாழ்வைப் பறித்தது. எந்தக் கொடி கட்டிய பதாகை என்று பார்த்துக் கோபப்படுவது நேர்மையல்ல. சாலையை மறைக்கும் பதாகை எந்த நிறமானாலும் கொலைக்கருவியே.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்றார் பேரறிஞர் அண்ணா. மூன்றாவது சொல்லை மேடையிலே முழங்குவது எளிது. ஆளில்லாத நள்ளிரவிலே, போலீஸ்காரர் நிற்காத நாற்சந்தியிலே, சிவப்பு விளக்கு எரிகிறபோது வண்டியை நிறுத்துகிறானே ஒருவன், அவனிடத்திலேதான் கட்டுப்பாடு இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது பாசமல்ல. பிள்ளை விபத்து செய்தால் 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டுவரை சிறை, ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து என்கிறது 2019 திருத்தம். சிறைக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்குப் பயந்து சாவியைப் பூட்டி வையுங்கள்.

விபத்தைக் கண்டால் விலகிப் போகாதீர்கள். "தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே" என்ற அச்சம் பழைய அச்சம். உதவி செய்தவரைத் துன்புறுத்தக்கூடாது, சாட்சியாகக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2016 மார்ச் 30இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது; 2019 திருத்தம் அதைச் சட்டமாக்கியது. 2008 செப்டம்பரில் தமிழகத்திலே 108 ஆம்புலன்சு ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பர் 18இல் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்றது. திட்டம் இருக்கிறது, அதை அடிபட்டவனிடம் கொண்டு சேர்க்கும் கைதான் வேண்டும். அந்தக் கை உங்கள் கையாக இருக்கட்டும்.

கிளைக் கழகத் தோழர்களே! ஒரு வேலை சொல்லுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர், ஒரு நோட்டுப் புத்தகம். உங்கள் ஊர்ச் சாலையிலே நடந்து போங்கள். பலகை இல்லாத வளைவு எது, கிளை மறைத்த குறி எது, வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை எது, விளக்கில்லாத பள்ளிக்கூட வாசல் எது என்று எழுதுங்கள். நம் சுவரொட்டி பலகையை மறைத்திருந்தால் அதை அங்கேயே கிழித்துவிட்டு மேலே நடங்கள். பட்டியலை நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் கையெழுத்தோடு கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மீண்டும் கொடுங்கள், ஊர் மக்களோடு போய்க் கொடுங்கள். கடமலைக்குண்டிலே தொடங்கினாலும் சரி, கம்பத்திலே தொடங்கினாலும் சரி.

போகும்போது, மறவாமல், தலைக்கவசத்தை அணிந்துகொண்டு போங்கள்!